குளத்துத் தவளையை நெருங்கிப் படம் எடுக்க மேக்ரோ லென்ஸ் கட்டாயமா?

படித்துறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் ஊர்க்குளம். நான்கு பக்கமும் படிக்கட்டு இருந்த குளம் அது. இப்போது கிழக்குப் படித்துறை மட்டும் மிஞ்சியிருக்கிறது, மற்றக் கரைகளில் கோரையும் சம்பும் மண்டிவிட்டன. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இரவு முழுவதும் தவளைச் சத்தம் காதைத் துளைக்கிறது. இத்தனை நாள் அதைத் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தமாகத்தான் நினைத்திருந்தேன். சென்ற மாதம் பழைய கேமரா ஒன்றை வாங்கிய பிறகுதான் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை வந்தது.

என்னிடம் இருப்பது கேனான் கேமரா, 18–55 மி.மீ. லென்ஸ், 55–250 மி.மீ. எஸ்டிஎம் லென்ஸ் ஆகியவை. மூன்று வாரமாக முயன்றும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படம் கூடத் தேறவில்லை. நான்கு அடி நெருங்குவதற்குள் தவளை நீரில் பாய்ந்துவிடுகிறது. பாயாமல் இருந்தவற்றை எடுத்த படங்களிலோ, சேற்றின் மேல் சேற்று நிறத்தில் ஒரு கட்டி கிடப்பது போலத்தான் தெரிகிறது. இரவில் கேமராவோடு இணைந்த ஃபிளாஷைப் போட்டு எடுத்தால் தவளையின் முதுகு முழுவதும் வெள்ளைத் திட்டுகளாக வெளுத்துப்போகிறது. லென்ஸ் விற்கும் கடையில் கேட்டதற்கு, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இல்லாமல் இந்த வேலையே ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போதைக்கு அவ்வளவு பணம் செலவழிக்க என்னால் இயலாது. இருக்கும் லென்ஸை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. படித்துறையின் கடைசிப் படியில், நீருக்குள், கட்டைவிரல் நகமளவு தட்டையான பழுப்பு நிறப் பூச்சி ஒன்றைப் பார்த்தேன். அதன் முதுகில் வெண்மையான மணிகளை நெருக்கமாக ஒட்டி அடுக்கியது போல இருந்தது. அது என்ன, ஏதாவது நோயா என்று தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

சேற்றுக்கால் எழுதியது:

வணக்கம் நண்பரே. கடைக்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள். மேக்ரோ லென்ஸ் என்பது ஒரு பொருளின் பிம்பத்தை அதே அளவில் சென்சாரின் (கேமராவுக்குள் ஒளியைப் படமாக மாற்றும் தகட்டின்) மேல் விழச் செய்வதற்காக உருவானது. எறும்பின் முகத்திற்கு அது தேவை. தவளைக்கு அந்த அளவு உருப்பெருக்கம் வேண்டியதே இல்லை. உங்கள் 55–250 எஸ்டிஎம் லென்ஸ் 85 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும், அப்போது அதன் உருப்பெருக்கம் 0.29 மடங்கு. நீரில் மிதக்கும் தவளையின் வெளியே தெரியும் பகுதி 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சென்சாரில் அது ஏறக்குறைய 11.5 மி.மீ. இடத்தை அடைக்கும். உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 22 மி.மீ. சொச்சம்தான் என்பதால், படத்தில் பாதியைத் தவளையே நிறைத்துவிடும். அதற்கு மேல் நெருங்கினால் தவளை மட்டும்தான் இருக்கும், குளம் இருக்காது. எனக்குக் குளமும் வேண்டும்.

உங்கள் படங்கள் கெடுவதற்குக் காரணம் நீங்கள் நிற்கும் உயரம் என்று நினைக்கிறேன். நின்றுகொண்டோ குந்திக்கொண்டோ மேலிருந்து எடுத்தால் தவளைக்குப் பின்னால் விழுவது அதே சேறுதான். நிறம் நிறத்தோடு கலந்து கட்டியாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? லென்ஸை நீர்மட்டத்திலிருந்து நான்கு விரற்கடை உயரத்திற்கு இறக்குங்கள். அங்கிருந்து பார்த்தால் தவளைக்குப் பின்னால் இருப்பது எதிர்க்கரை. அது பல அடி தள்ளி இருப்பதால் பச்சை மெழுகு போல மங்கிவிடும், தவளை தனியே எழுந்து நிற்கும். அதன் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். உங்கள் கேமராவில் திருப்பும் திரை இருந்தால் படியில் அமர்ந்தபடியே எடுக்கலாம். இல்லையென்றால் ஒரு சாக்கை விரித்துக் குப்புறப் படுக்க வேண்டியதுதான். நான் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, உள்ளே பிளாஸ்டிக் பையில் கட்டிய அரிசியைப் போட்டுத் தைத்து வைத்திருக்கிறேன். அதன் மேல் லென்ஸைக் கிடத்தினால் டிரைபாடைவிட உறுதியாக நிற்கிறது. டிரைபாடின் காலை அகட்டினாலும் அந்தத் தாழ்வுக்கு வராது.

அடுத்து, தவளை ஓடுவது. 1959இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ஆய்வு ஒன்றில், தவளையின் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளில் சில, அசையும் சிறிய கரும்பொருள்களுக்கு மட்டுமே துடிப்பதும், வேறு சில ஒளி திடீரென மங்கும்போது மட்டுமே துடிப்பதும் கண்டறியப்பட்டன. முதலாவது அதற்கு இரை. இரண்டாவது மேலே வந்து நிற்கும் கொக்கு. உங்கள் நிழல் அதன் மேல் விழுந்த நொடியில் நீங்கள் கொக்காகிவிடுகிறீர்கள். ஆகவே காலையில் கிழக்குப் படித்துறையிலிருந்து போகாதீர்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பதால் உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நடந்து போய்த் தவளையிடம் செய்தி சொல்லிவிடும். மாலையில் அதே படித்துறை உகந்தது.

தவளையைத் தேடிப் போவதையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அனுபவம். அது பாய்ந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அங்கேயே 85 செ.மீ. தள்ளி லென்ஸைப் பொருத்தி, அசையாமல் கிடங்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்திற்குள் முதலில் இரண்டு கண்கள் மட்டும் நீருக்கு மேல் எழும், பிறகு மூக்கு, பிறகு அதே கல், அதே மூலை. அது பழைய இடத்திற்குத் திரும்பி வரும்போது நீங்கள் அங்கே ஏற்கெனவே கிடக்கும் ஒரு மரக்கட்டை, அவ்வளவே. லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்தால் அந்த நெருக்கத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் 5 மி.மீ. கூட இருக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் எடுத்தால் கண் தெளிந்து மூக்கு மங்கும். பக்கவாட்டில், உடல் முழுவதும் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி எடுத்தால் அந்த 5 மி.மீ.க்குள் நிறையவே அடங்கும். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணிலேயே வையுங்கள். கண் மங்கிய படத்தை வேறு எதுவும் காப்பாற்றாது.

இட்லித்துணி எழுதியது:

சேற்றுக்கால் ஐயா உயரத்தையும் பொறுமையையும் பற்றிச் சொல்லிவிட்டார். எனக்கு ஒளி பற்றி மட்டும் சொல்ல இருக்கிறது.

தவளையின் தோல் எப்போதும் ஈரமாகவே இருப்பதால் அது கண்ணாடி போன்றது. நீங்கள் பார்க்கும் வெள்ளைத் திட்டுகள் தோலின் நிறம் வெளுத்தவை அல்ல. உங்கள் ஃபிளாஷின் முகம் அந்த ஈரத்தில் தெரிகிறது. ஃபிளாஷைக் குறைத்தாலும் திட்டு சின்னதாகுமே தவிரப் போகாது, ஏனென்றால் ஒளி வருவது தீப்பெட்டி அளவுச் சன்னலிலிருந்து. அந்தச் சன்னலைப் பெரிதாக்கி, தவளைக்கு அருகில் கொண்டுவந்தால், அதே பிரதிபலிப்பு முதுகு முழுவதும் மெல்லிய பளபளப்பாகப் பரவிவிடும், அடியில் இருக்கும் நிறமும் வெளியே வரும். நான் செய்தது இதுதான். தனி ஃபிளாஷ் ஒன்றைக் கம்பியில்லா டிரிகரோடு வாங்கினேன். தெர்மாகோல் பெட்டியின் அடியை வெட்டியெடுத்துவிட்டு, அந்த வாயில் இட்லித் துணியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினேன். (என் புனைபெயரின் வரலாறு இவ்வளவுதான், வீட்டில் அந்தத் துணியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.) ஃபிளாஷை உள்ளே வைத்த அந்தப் பெட்டியைக் கேமராவின் மேல் வைக்காமல், இடது கையில் பிடித்துத் தவளைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் நீட்டுவேன். கேமராவின் மேலேயே ஃபிளாஷ் இருந்தால் கண்ணின் உள்ளிருந்து ஒளி நேராகத் திரும்பி வந்து, கண் வெள்ளைப் பொத்தானாகிவிடும். உங்கள் கேமராவோடு இணைந்த ஃபிளாஷில் எடுப்பதாக இருந்தால் லென்ஸின் முனையில் மாட்டும் ஹூடையாவது கழற்றிவிடுங்கள். படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழுவது அதனால்தான்.

எனினும் முதல் சில மாதங்களுக்கு ஃபிளாஷே வேண்டாம் என்பேன். மழை பெய்து ஓய்ந்த, மேகம் மூடிய பிற்பகலை மிஞ்சிய டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் திரை) எதுவும் கிடையாது. வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் துணி. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600 வரை தயங்காமல் ஏற்றலாம். சிறு புள்ளிகள் விழுந்த கூர்மையான படம், புள்ளியே இல்லாத ஆடிப்போன படத்தைவிட மேல்.

தொலைநோக்கி எழுதியது:

நீரின் பளபளப்பு தொந்தரவு செய்தால் போலரைசர் வடிகட்டி ஒன்றை மாட்டினால் போதுமே, இவ்வளவு வேலை எதற்கு? நீருக்கு அடியில் இருப்பது கூடத் தெளிவாகத் தெரியும்.

சேற்றுக்கால் எழுதியது:

ஐயா சொல்வது பாதி சரி. நீரின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போதுதான் அந்த வடிகட்டி பிரதிபலிப்பை முழுமையாக அறுக்கும். படிமேல் அமர்ந்து, கீழே நீருக்குள் திரியும் தலைப்பிரட்டைகளை எடுக்க அதைவிட நல்ல கருவி இல்லை. நானும் அதற்கு வைத்திருக்கிறேன். ஆனால் நீர்மட்டத்தில் படுத்துக்கொண்டு எடுக்கும்போது பார்வைக் கோணம் ஐந்து, பத்து பாகைதான். அங்கே அது பெரிதாக ஒன்றும் செய்யாது, ஒளியை மட்டும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) விழுங்கிவிடும். மேலும், அந்தத் தாழ்விலிருந்து எடுக்கும்போது நீரில் தெரியும் தவளையின் தலைகீழ் நிழலுருதான் படத்திற்கே அழகு. அதை ஏன் அழிக்க வேண்டும்?

உருப்பெருக்கம் இன்னும் வேண்டும் என்று பின்னால் தோன்றினால், மேக்ரோ லென்ஸ் வாங்க நினைக்கும் முன், இருக்கும் லென்ஸின் முகப்பில் திருகும் க்ளோஸ்-அப் லென்ஸ் ஒன்றைப் பாருங்கள். இரண்டு டயாப்டர் (அதன் திறனைக் குறிக்கும் அளவு) லென்ஸை உங்கள் 250 மி.மீ. முனையில் திருகினால், முடிவிலியில் ஃபோகஸ் வைத்த நிலையிலேயே அரை மீட்டர் தொலைவில் அரை மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். ஒற்றைக் கண்ணாடியில் செய்தவை மலிவு, ஆனால் ஓரங்களில் நிறம் பிரியும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாயை எக்ஸ்டென்ஷன் டியூப் என்பார்கள், அது நீண்ட லென்ஸில் பயன் தராது: 20 மி.மீ. குழாய் 250இல் 0.08 மடங்குதான் கூட்டும், 50 மி.மீ. லென்ஸிலோ 0.4 மடங்கு.

நுணல் எழுதியது:

முதலில் அந்தப் பூச்சி. அது நோய் அல்ல, பிள்ளை வளர்ப்பு. நீங்கள் பார்த்தது நீர்வாழ் மூட்டுப்பூச்சி வகையைச் சேர்ந்த ஆண். பெண் பூச்சி தன் முட்டைகளை ஆணின் முதுகிலேயே ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரியும் வரை ஆண்தான் அவற்றைச் சுமந்து, அடிக்கடி நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றுப்படச் செய்யும். மேலே வரும் அந்தத் தருணத்தில் நீர்மட்டத்தில் லென்ஸ் இருந்தால் முட்டைகள் மணி மணியாகத் தெரியும். கையில் எடுக்க வேண்டாம், நன்றாகவே கடிக்கும்.

இரவில் தவளையைக் கண்டுபிடிக்கத் தலைவிளக்கு போதும் என்று பலர் எழுதுவார்கள். நான் காதைத்தான் நம்புகிறேன். தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சொன்னது பாம்புக்கு மட்டுமா, நமக்கும் சேர்த்துத்தான். நீங்கள் கரையை நெருங்கியதும் மொத்தக் குளமும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொள்ளும். விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். சில நிமிடங்களில் தூரத்தில் ஒன்று தொடங்கும், அதற்கு ஒன்று பதில் சொல்லும், பிறகு உங்கள் காலடியில் இருப்பதும் பொறுக்க முடியாமல் சேர்ந்துகொள்ளும். கத்தும் தவளையைச் சுற்றி நீர் நடுங்கிச் சிறு வளையங்கள் பரவும். விளக்கை மங்கலாக வைத்து அந்த வளையங்களின் நடுவைத் தேடுங்கள்.

உங்கள் பகுதியில் நீங்கள் தவறவிடக் கூடாத காட்சி ஒன்று உண்டு. அறிவியலில் ஹோப்லோபட்ராகஸ் டைகெரினஸ் எனப்படும் பெரிய தவளையின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடும். தொண்டையின் இருபுறமும் இரண்டு நீலப் பைகள் புடைத்து எழும். முதல் பெருமழைக்கு மறுநாள், தேங்கிய வயல்நீரில், பட்டப்பகலிலேயே கூட்டமாகக் கத்தும். அந்த நிறம் நெடுநாள் நீடிக்காது, ஆகவே மழை விட்டதும் கிளம்பிவிட வேண்டும். பைகள் புடைக்கும் நொடியைப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/250 நொடியாகவோ அதைவிட விரைவாகவோ இருக்கட்டும். இதே தவளையின் காலுக்காகத்தான் ஒரு காலத்தில் நம் நாட்டு வயல்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். 1987இல் தடை வந்த பிறகுதான் அது நின்றது.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். தவளையைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மரக்க வைத்து, அழகான இலையின் மேல் உட்கார வைத்து எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்: வயல் தவளை செம்பருத்தி இலையில் உட்கார்ந்திருக்கும். அது படம் அல்ல, கொடுமை. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது; கொசுவிரட்டிக் களிம்பு தடவிய கையால் தொட்டால் அந்தக் களிம்பு அதன் உடலுக்குள்ளேயே போகும். எனவே தொடவே வேண்டாம். ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்திற்குப் போகும்போது செருப்பைக் கழுவிக் காயவைத்துக்கொண்டு போங்கள்; சேற்றோடு பரவும் பூஞ்சை நோய் ஒன்று உலகின் பல நாடுகளில் தவளை இனங்களையே துடைத்திருக்கிறது.

அடுத்தது உங்கள் உயிர். தவளை இருக்கும் கரைக்குத் தவளையைத் தின்பதும் வரும். தண்ணீர்ப் பாம்பு கடித்தால் வலிக்கும், நஞ்சில்லை. ஆனால் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் பெரும்பாலும் இரவில் நடமாடும். குப்புறப் படுக்கும் முன் கோரையைக் கோலால் தட்டிப் பாருங்கள், முழங்கால் வரை பூட்ஸ் அணியுங்கள், தனியே போகாதீர்கள். காலில் புண் இருந்தால் குளத்தில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

படித்துறை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சேற்றுக்கால் ஐயா சொன்னபடி, அரிசிப் பைக்குப் பதிலாக உமி நிரப்பிய தலையணையை மழைக்கோட்டில் சுற்றிக் கடைசிப் படியில் வைத்து, மாலை நான்கரைக்குப் படுத்தேன். பார்த்த தவளை பாய்ந்து போய்விட்டது. முதல் பத்து நிமிடத்தில் கழுத்து வலித்தது, கொசு கடித்தது, படிக்கு வந்த பெரியம்மா ஒருவர் நான் மயங்கி விழுந்துகிடப்பதாக நினைத்துக் கூச்சல் போட்டுவிட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு மறுபடி படுத்தேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன், பாசியை விலக்கிக்கொண்டு இரண்டு கண்கள் வந்தன. நான் இதுவரை தவளையின் கண் கறுப்பு என்றே நினைத்திருந்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, கிடைமட்டமான கருமணியைச் சுற்றிப் பொன்தூளை வாரி இறைத்தது போல இருந்தது. கீழ் இமையின் ஓரத்தில் ஒரு பாசி இழை ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மூக்கின் மேல் கொசு ஒன்று உட்கார்ந்தது, தவளை ஒன்றும் செய்யவில்லை. பிறகு தட்டான் ஒன்று தாழப் பறந்தது. தவளை பாய்ந்ததை நான் பார்க்கவே இல்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது வாயின் ஓரத்தில் சிறகு நீட்டிக்கொண்டிருந்தது, விழுங்கும்போது இரண்டு கண்களும் தலைக்குள் புதைந்து மறைந்தன. அந்த ஒரு படம் எடுத்தேன். கண் இல்லாத தவளையாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

நுணல் அவர்களுக்கு ஒரு கேள்வி. எங்கள் மாட்டுத் தொட்டியின் உட்சுவரில், நீருக்கு ஒரு சாண் மேலே, முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து அப்பியது போல ஒரு நுரைக் கட்டி இருக்கிறது. இரவில் சுவரில் ஒட்டும் பழுப்புத் தவளை ஒன்றை அங்கே பார்த்தேன். நாளை மறுநாள் தொட்டியைக் கழுவப் போகிறார்கள். அதை எடுத்துக் குளக்கரையில் வைத்துவிடலாமா?

நுணல் எழுதியது:

வைக்க வேண்டாம் ஐயா. அது மரத்தவளையின் நுரைக்கூடு. உள்ளே முட்டைகள் இருக்கின்றன. வெளிப்பக்கம் காய்ந்து தோல் போலாகி உள் ஈரத்தைக் காக்கும். சில நாட்களில் தலைப்பிரட்டைகள் நெளிந்து நுரையைக் கரைத்துக்கொண்டு நேர் கீழே விழும். கீழே நீர் இருந்தாக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடத்தை அது தேர்ந்தெடுத்திருக்கிறது. குளத்தில் விட்டால் மீன்கள் தின்றுவிடும். ஆகவே தொட்டி கழுவுவதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள், மாட்டுக்கு வாளியில் தண்ணீர் காட்டலாம். அதுவும் முடியாதென்றால், கழுவியவுடன் கூட்டின் நேர் கீழே நீர் நிற்கும்படி ஒரு அகன்ற பாத்திரத்தை வையுங்கள். விழும் நேரம் பெரும்பாலும் இரவாக இருக்கும். இட்லித் துணியார் சொன்ன தெர்மாகோல் பெட்டியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஃபோகஸை நுரையின் கீழ் விளிம்பில் நிறுத்துங்கள்.